அலையாத்திக் காட்டை ஊர் மக்களே மீட்டெடுக்க முடியுமா? கன்று நட்டால் போதாதா?

முடியும். ஆனால் கன்று நடுவது இந்த வேலையில் மிக எளிய பகுதி. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த காலத்தில் பிச்சாவரத்துக்கு அடிக்கடி போய்வந்தவன் என்பதால், அந்தக் காட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரந்துள்ள பிச்சாவரத்தில் காடு அழிந்ததற்கு, மாடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறொரு காரணம் புலப்பட்டது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை கூப்பு முறையில், அரசின் மேற்பார்வையிலேயே மரங்கள் பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டன. நிழல் போனதும் வெயிலில் மண்ணின் ஈரம் வற்றி, மண் அமிழ்ந்து, நிலம் தாம்பாளம்போல் குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கிக் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. உவர்மண்ணில் வளரும் உமிரிச் செடி மண்டிய அத்தகைய நிலத்தில் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் நிற்காது.

ஆகவே முதலில் நீருக்கு வழி விட்டார்கள். ஆற்றோடு இணைந்த ஒரு முதன்மை வாய்க்காலும், மீன்முள்போல் அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டு, ஓதம் ஏறி இறங்கி மண்ணின் உப்பைக் கழுவத் தொடங்கிய பின்னரே, சரிவான கரைகளில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரக்கன்று நடப்பட்டது. அதிலும் கரையின் நடுமட்டத்தில் நட வேண்டும். கீழே நட்டால் கன்று மூழ்கிவிடும், மேலே நட்டால் நீர் எட்டாது. வனத்துறையும் அந்நிறுவனமும் ஊர்க் குழுக்களும் சேர்ந்து செய்த வேலை இது. 1986க்கும் 2002க்கும் இடையே காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

ஆனால் வாய்க்காலின் வாயில் வண்டல் அடைப்பதைச் செயற்கைக்கோள் அன்றே சொல்லாது. காடு காய்ந்த பிறகுதான் சொல்லும். அதை முதலில் காண்பவர்கள், அங்கே நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் போன்றோரே. கண்காணிப்பு என்றதும் கருவிகளையும் படிவங்களையும் நினைக்கிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் அவ்வழியே போகிறவர்களிடம் கேட்காமல் படிவம் நிரப்புவதில் பயனில்லை என்கிறேன்.

நீரைப் பாராமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சான்று. சுனாமிக்குப் பின் அங்கே நடவு நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்ட பின் கவனிப்பாரின்மை ஆகியவையே காரணங்கள்.

உங்கள் ஊரில் நடவுத் திட்டம் ஏதேனும் வந்தால், எத்தனை கன்று என்று கேட்பதற்கு முன், திட்டம் முடிந்த பிறகு வாய்க்காலைத் தூர்வாரப் போவது யார், அந்தக் கூலியைத் தரப்போவது யார் என்று கேளுங்கள்.