ஆறு கிழமை ஊசி முடியட்டும் எண்டு வால்வு ஒப்பரேசனைப் பிந்தப் போடலாமோ?

கேள்வி: டொக்டர், என்ர மனுசனுக்கு 41 வயசு. சின்னனில மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாப்போனது. விட்டு விட்டுக் காய்ச்சல், வயல் வெட்டு நேரம் எண்டு பெனடோலைப் போட்டுக்கொண்டு திரிஞ்சவர். இப்ப யாழ்ப்பாணத்தில எக்கோ (இதய ஸ்கான்) எடுத்து, வால்வில 12 மில்லிமீற்றர் கிருமிக்கட்டி, வால்வால இரத்தம் திரும்பி ஒழுகிற லீக்கும் கடுமை, இந்தக் கிழமையே ஒப்பரேசன் எண்டுகினம். மாமா ஆக்கள் ஆறு கிழமை அன்டிபயோட்டிக் ஊசி போட்டுக் கிருமி செத்தாப்பிறகு வெட்டலாம் எண்டு கையெழுத்து வைக்க விடுகினமில்லை.
- சகோதரி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, இது இதய வால்வில கிருமி பிடிக்கிற வருத்தம் (எண்டோகார்டைட்டிஸ்). நீங்கள் எழுதினது சரியெண்டால் கையெழுத்து வைக்கிறதுதான் நல்லது. கிருமி இருக்கேக்க புது வால்வு வைச்சா அதிலயும் பிடிக்குமெண்ட பயம் டொக்டர்மாருக்கே முந்தி இருந்தது, பிடிக்கிறதும் உண்டு, ஆனா குறைவு, ஏனெண்டா பழுதான சதையை முழுசா வெட்டி எடுத்துப்போட்டுத்தான் புதுசை வைக்கினம், ஊசியும் பிறகு தொடர்ந்து போகும். காத்திருக்கிறதுதான் கூட ஆபத்து. அந்தக் கட்டி இதயம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஆடிக்கொண்டிருக்கு, துண்டு உடைஞ்சு மூளைக்குப் போனால் பாரிசவாதம், அது கூடுதலா நடக்கிறதே ஊசி தொடங்கி முதல் ரெண்டு கிழமைக்குள்ளதான். அப்ப ஆறு கிழமை பொறுத்து ஆருக்கு லாபம்?

தென்கொரியாவில உங்கட மனுசனைப் போல, 10 மில்லிமீற்றருக்குக் கூடின கட்டியும் கடுமையான வால்வுப் பழுதும் உள்ள 76 பேரை வைச்சுச் செய்த ஆய்வு 2012இல வந்தது. 48 மணித்தியாலத்துக்குள்ள ஒப்பரேசன் செய்த ஆக்களில 3 வீதம்பேருக்குத்தான் ஆறு கிழமைக்குள்ள சாவோ துண்டு அடைப்போ வந்தது, வழமைபோல மருந்தோட பாத்த ஆக்களில 23 வீதம். சின்ன ஆய்வுதான், ஆனா பொறுத்துப் பாத்த ஆக்களிலயும் முக்கால்வாசிப்பேருக்குக் கடைசியா ஒப்பரேசன் செய்யவேண்டித்தான் வந்தது.

எல்லாருக்கும் வெட்டத் தேவையில்லை. கட்டி சின்னன், லீக் குறைவு, காய்ச்சலும் விட்டிட்டுதெண்டால் ஊசியோடயே சுகமாகலாம். நெஞ்சில தண்ணி கட்டி மூச்செடுக்கவே ஏலாமல் கிடந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கேலாது. வால்வடியில சீழ் பிடிச்சாலோ, சரியான ஊசி போட்டும் கிருமி அடங்காட்டிலோ, சில நாளுக்குள்ள செய்யவேணும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போய், என்ன காரணத்துக்கு இந்தக் கிழமை எண்டு டொக்டரிட்ட நேர கேளுங்கோ, அவர் சொல்லுவார்.

வால்வுப் பழுதுள்ள மற்ற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லவேணும், காய்ச்சல் விடாட்டி பாமசியில அன்டிபயோட்டிக் வாங்கிப் போடாதேங்கோ, இரத்தத்தில கிருமி வளர்த்துப் பாக்கிற பரிசோதனைக்கு முதலே மருந்து போட்டால் எந்தக் கிருமி எண்டு பிடிக்கிறதே கஷ்டம்.

கேள்வி: அப்பாவுக்கும் இதே வருத்தம், மூளையில இரத்தம் கசிஞ்சிட்டுது. ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுகினம். கவனிக்காமல் விடுகினமோ?
- மகன், மாங்குளம்

பதில்: இல்லைத் தம்பி, கவனிச்சுத்தான் சொல்லுகினம். ஒப்பரேசன் நேரம் இதய-நுரையீரல் மெசினில போட இரத்தம் உறையாமல் மருந்து குடுக்கவேணும், அதில மூளைக் கசிவு கூடிப்போகும், அதால குறைஞ்சது நாலு கிழமை பொறுக்கிறது வழமை. கசிவில்லாமல் சின்ன அடைப்பு மட்டும் எண்டால் இவ்வளவு பொறுக்கத் தேவையில்லை. இடையில மூச்சு முட்டினால், காய்ச்சல் திரும்பினால், காலமை ரவுண்ட்ஸ் வரும் மட்டும் பாத்துக்கொண்டிராமல் வாட்டில உடனே சொல்லுங்கோ, அப்ப அந்த ஒரு மாதக் கணக்கைத் திரும்ப யோசிப்பினம்.