அசீரியாவும் இரண்டு எபிரெய அரசுகளும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அசீரியப் படையெடுப்புகளைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஆண்டுகள் எல்லாம் கி.மு. இரண்டு எபிரெய அரசுகள் என்றால் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா.

கே: அசீரியா என்பது இன்றைய சிரியாதானே?

இல்லை. அசீரியாவின் தாயகம் இன்றைய வடக்கு இராக். நினிவேயின் இடிபாடுகள் மோசூல் நகருக்குள்ளேயே, தைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் கிடக்கின்றன. வேதாகமத்தில் ‘சீரியர்’ என்று வருபவர்கள் தமஸ்குவை ஆண்ட அரமேயர்கள். அவர்களும் அசீரியாவிடம் அடிவாங்கியவர்கள்தான்.

கே: கர்கார் போரில் ஆகாப் 2,000 ரதங்களோடு போய் அசீரியர்களை முறியடித்தது உண்மையா?

இஸ்ரவேலின் ராஜா ஆகாப் போனது உண்மை. 853ல் அசீரிய அரசர் மூன்றாம் சல்மனேசரை எதிர்த்து தமஸ்கு, ஆமாத் அரசர்களோடு அவரும் நின்றார். இதைச் சொல்வது அசீரியக் கல்வெட்டு. வேதாகமத்தில் இந்தப் போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்த 2,000 ரதங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கூட்டணிக்குத் தலைமை தாங்கிய தமஸ்குவுக்கே அதே கல்வெட்டு 1,200தான் தருகிறது. எழுத்தர் 200 என்பதைத் தவறாக வெட்டிவிட்டார் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

முறியடித்தார்களா? சல்மனேசர் தான் வென்றதாகத்தான் எழுதிவைத்தார். முதல் கல்வெட்டில் எதிரிகளின் சாவு 14,000. அதே போருக்குப் பிந்திய கல்வெட்டுகளில் 20,000, 25,000 என்று போய், ஒன்றில் 29,000 ஆகிவிடுகிறது. அப்படி வென்றவர் 849, 848, 845 என்று திரும்பத் திரும்ப அதே கூட்டணியோடு மோத வேண்டியிருந்தது. அதை வைத்துப் பார்த்தால் கர்காரில் அவரைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். நான் வழக்கமாகச் சொல்வதுதான்: அரசன் வெட்டிவைத்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், அடுத்த வருடம் அவன் என்ன செய்தான் என்று பாருங்கள்.

கே: கறுப்புத் தூபியில் மண்டியிட்டிருப்பது யெகூதானா?

கறுப்புத் தூபி என்பது சல்மனேசர் தன் வெற்றிகளைச் செதுக்கவைத்த கல்தூண். அதில் அந்த உருவத்துக்கு மேலே உள்ள வாசகம் இஸ்ரவேல் ராஜா யெகூவின் கப்பம் என்கிறது: வெள்ளி, பொன், பொற்கிண்ணங்கள், வெள்ளீயம். காலம் 841. குனிந்திருப்பவர் யெகூவாகவோ அவருடைய தூதராகவோ இருக்கலாம். ‘உம்ரியின் மகன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உம்ரி ஆகாபின் தகப்பன், அந்த வம்சத்தையே அழித்தவர் யெகூ. அசீரியர்கள் அந்த நாட்டையே ‘உம்ரியின் வீடு’ என்று அழைத்தார்கள், அவ்வளவுதான்.

கே: சமாரியாவின் ராஜா எசேக்கியா ஏன் தன் மக்களைக் காப்பாற்றவில்லை?

எசேக்கியா சமாரியாவின் ராஜா அல்ல. வடக்கே இஸ்ரவேல், தலைநகர் சமாரியா, கடைசி ராஜா ஓசெயா. தெற்கே யூதா, தலைநகர் எருசலேம், அங்கே எசேக்கியா. இஸ்ரவேல் வேறு, யூதா வேறு. இதை இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். 2 இராஜாக்கள் 17, 18 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

கே: மெனாகேம் கொடுத்த ஆயிரம் தாலந்து இன்றைய ரூபாயில் எவ்வளவு?

ரூபாய்க் கணக்கால் ஒன்றும் விளங்காது. ஒரு தாலந்து ஏறக்குறைய 30 கிலோ, ஆக 30 டன் வெள்ளி. இஸ்ரவேல் ராஜா மெனாகேம் அசீரிய அரசர் திகிலாத்பிலேசருக்குக் கொடுத்த கப்பம் இது. ஆளுக்கு 50 சேக்கல் என்று வசதியுள்ளவர்களிடம் வசூலித்தார். தாலந்துக்கு 3,000 சேக்கல் என்றால் சுமார் 60,000 பேர் தலையில் விழுந்த வரி. கவனிக்க வேண்டியது இதைத்தான். திகிலாத்பிலேசர் திரும்பிப் போனார், மெனாகேமின் சிம்மாசனம் தப்பியது, செலவு நிலக்காரர்களுடையது. சில ஆண்டுகளில் பெக்கா ஆட்சியைப் பிடித்து அசீரியாவுக்கு எதிராகத் தமஸ்குவோடு சேர்ந்தபோது, அதற்கு ஆதரவு கிடைத்ததில் வியப்பில்லை.

கே: காணாமல்போன பத்துக் கோத்திரங்கள் கடைசியில் எங்கே போனார்கள்?

மாதம் தவறாமல் வரும் கேள்வி. ஆப்கானிஸ்தான், ஜப்பான், பிரிட்டன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு நாடு. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பத்துக் கோத்திரங்கள் என்பது வடக்கு இஸ்ரவேலின் மக்கள். முதலில், அந்த நாடு அசீரியாவிடம் விழுந்தபோது எல்லோரும் போகவில்லை. சமாரியாவிலிருந்து பிடித்துச்சென்றவர்கள் சுமார் 27,000 பேர் என்று அசீரிய அரசர் இரண்டாம் சர்கோன் எழுதிவைத்தார். அதற்கு முன்பே, 732 வாக்கில், திகிலாத்பிலேசர் கலிலேயாவிலிருந்தும் கீலேயாத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிருந்தார். இது பெரிய கொடுமைதான். ஆனால் அன்றைய வடநாட்டின் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டும் என்று கணிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. எண்ணில் பெருமையடிக்கும் அரசனே 27,000 என்றுதான் சொல்கிறான் என்றால், நாடு காலியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

வேதாகமமே இதற்குச் சாட்சி. சமாரியா விழுந்த பிறகு எசேக்கியா பஸ்கா பண்டிகைக்கு வரச்சொல்லி எப்பிராயீம், மனாசே என்ற வடக்குக் கோத்திரங்களின் நாடுகளுக்குக் கடிதம் அனுப்புவதாக 2 நாளாகமம் 30 சொல்கிறது. ஆளில்லாத ஊருக்கா கடிதம் போகும்? எரேமியா 41ல், எருசலேம் ஆலயம் எரிந்த பிறகு, சீகேம், சீலோ, சமாரியா ஊர்களிலிருந்து 80 பேர் காணிக்கையோடு வருகிறார்கள். லூக்கா சுவிசேஷத்தில் வரும் அன்னாள் ஆசேர் கோத்திரத்தாள். பத்தும் காணாமல்போயிருந்தால் அந்த அம்மாவுக்குத் தன் கோத்திரம் எப்படித் தெரியும்?

இன்னொரு பகுதி மக்கள் தெற்கே ஓடினார்கள். அந்தக் காலத்தில்தான் எருசலேம் மேற்குக் குன்றுவரை பரவியது. அதைச் சுற்றி எழுப்பிய 7 மீட்டர் தடிமனான மதிலின் ஒரு துண்டை யூதக் குடியிருப்பில் இன்றும் பார்க்கலாம்.

பிடிபட்டுப் போனவர்களும் காற்றில் கரையவில்லை. ஆலா, கோசான், மேதியரின் பட்டணங்கள் என்று போன இடங்களை 2 இராஜாக்கள் 17 சொல்கிறது. சமாரியாவின் ரதவீரர்களை சர்கோன் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார். அசீரிய நகரமான நிம்ருதில் கிடைத்த களிமண் பலகைகளில் அவர்களுடைய அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பயிர் செய்யவும் கட்டடம் கட்டவும் போரிடவும் ஆள் தேவைப்பட்டதால்தான் அசீரியர்கள் மக்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்தார்கள். பெயர்த்தவர்கள் இரண்டு மூன்று தலைமுறையில் அக்கம்பக்கத்தோடு கலந்து அரமேய மொழி பேசலானார்கள். பேர்தெரிந்த அந்த மனிதர்களை விட்டுவிட்டு, ஆதாரமில்லாத தூரதேசங்களில் அவர்களைத் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இனி இது பற்றி எழுதுபவர்கள் ஒரு கல்வெட்டையோ பலகையையோ சுட்டிக்காட்டி எழுதுங்கள்.

கே: 701ல் ஜெயித்தது சனகெரிபா, எசேக்கியாவா?

அந்த ஆண்டு அசீரிய அரசர் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தார். எருசலேம் விழவில்லை, யூதா நொறுங்கிப்போனது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதிலுள்ள 46 ஊர்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் சனகெரிப் சொல்கிறார். நகரைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. கப்பத்தில் பொன் 30 தாலந்து என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகின்றன. வெள்ளி மட்டும் வேதாகமத்தில் 300, அசீரியக் கணக்கில் 800.

நினிவே அரண்மனையின் ஓர் அறை முழுக்க அவர் செதுக்கவைத்தது யூதாவின் ஊரான லாகீஸின் முற்றுகையை. இப்போது அது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்மேட்டில் ஏறும் முற்றுகைப் பொறிகள், மதில்மேலிருந்து விழும் தீப்பந்தங்கள், கழுவில் மூன்று பேர், மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் உட்கார்ந்து போகும் பெண்களும் பிள்ளைகளும். அந்த மண்மேடு லாகீஸில் இன்னும் இருக்கிறது. எருசலேமைப் பிடித்திருந்தால் அறை முழுக்க லாகீஸைச் செதுக்கவைத்திருக்க மாட்டார்.

கே: எசேக்கியாவின் சுரங்கத்துக்குள் நடக்க முடியுமா?

எருசலேமில் தண்ணீருக்காக வெட்டிய சுரங்கம்தானே? முடியும். 530 மீட்டர் போல வரும், தண்ணீர் ஓடும், இருட்டாக இருக்கும், டார்ச் கொண்டுபோங்கள். இரண்டு முனைகளிலிருந்தும் வெட்டியவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இல்லை, இஸ்தான்புல்லில் இருக்கிறது.

கே: மனாசே அவ்வளவு கெட்டவரா? அசீரியா ஏன் அவரைத் தண்டிக்கவில்லை?

இந்த மனாசே எசேக்கியாவுக்குப் பின் யூதாவை ஆண்ட ராஜா. அவருடைய வழிபாட்டை வேதாகமம் கடுமையாகக் கண்டிக்கிறது. அசீரியா பார்த்தது கப்பத்தை. அசீரிய அரசர் எசரத்தோன் நினிவேயில் அரண்மனை கட்ட மரமும் கல்லும் அனுப்பிய 22 அரசர்களின் பட்டியலில் ‘யூதாவின் அரசன் மனாசே’ இருக்கிறார். பிறகு அடுத்த அரசர் அசூர்பானிபாலின் காலத்திலும் பெயர் வருகிறது. அவருடைய 55 ஆண்டு ஆட்சியில் யூதா மெல்லத் தலைதூக்கியது, பாழான ஊர்கள் சிலவற்றில் மறுபடி ஆள் குடியேறினார்கள். நினிவே 612ல் விழுந்தபோது யூதா நின்றுகொண்டிருந்தது. அதை 586ல் அழித்தவர்கள் பாபிலோனியர்கள், அசீரியர்கள் அல்ல.