சுருட்டும் சாம்பலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எனக்குக் கியூபச் சுருட்டு ஒன்றைத் தந்தார். சாம்பல் ஓர் அங்குலத்துக்கு மேல் உதிராமல் நின்றதைக் காட்டி, அதுவே தரத்தின் அடையாளம் என்றார். காப்பி, கோகோ, தேவதாரு என்று அவர் அடுக்கிய சுவைகளில் ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. பாதிச் சுருட்டைத் தாண்டியதும் கசப்புதான் மிஞ்சியது. இதழ்கள் 100க்கு 92 என்று மதிப்பெண் போடுவதெல்லாம் வெறும் பாவனையா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

சாம்பல் உதிராமல் நிற்பதிலிருந்து, உள்ளே நறுக்கிய தூளை அடைக்காமல் முழுநீள இலைகளை வைத்துச் சீராகச் சுருட்டியிருக்கிறார்கள் என்பதை ஊகிக்கலாம். சுவையைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரியாது. உங்கள் ஊர்ச் சுருட்டின் சாம்பலை வைத்து ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் வெளிவந்த தன் முதல் கதையிலேயே துப்புத் துலக்கினார் என்றாலும், அவர் தேடியது கொலைகாரனைத்தான்.

சுவையை அறிய இலையிலிருந்து தொடங்க வேண்டும். கியூப மரபில் செடியின் அடியிலை வோலாடோ. சீராக எரிவதற்காக அதைச் சேர்க்கிறார்கள். நடுவிலை செக்கோ மணத்தைத் தருகிறது. வெயிலை நேராக வாங்கித் தடித்த உச்சியிலையான லிகேரோ காரத்தைத் தருகிறது. அது மெதுவாக எரியும் என்பதால் சுருட்டின் மையத்தில் வைக்கிறார்கள். எரியும் முனையிலிருந்து வரும் புகை, எஞ்சிய இலைகளின் வழியே வரும்போது ஈரத்தையும் பிசினையும் அவற்றில் படியவிடுவதால், கடைசி மூன்றிலொரு பகுதி எப்போதுமே முதல் பகுதியைவிடக் கடுமையாக இருக்கும். அதனால்தான் தேர்ந்தவர்கள் சுருட்டை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் தனியாக மதிப்பிடுகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இழுத்தால் சூடேறி அந்தக் கசப்பு முன்கூட்டியே வந்துவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகவே இருக்கலாம். இலையைக் குவித்துப் புளிக்க வைக்கும்போது வெளியேற வேண்டிய அம்மோனியா முழுதாக வெளியேறாமல் போனாலும் சுவை கெடும்; ஆனால் அந்தக் காட்டமான நெடி முதல் சில இழுப்புகளிலேயே தெரிந்துவிடும்.

காப்பி, கோகோ என்பவை பெரும்பாலும் மூக்கு அறிபவை. புகையை நுரையீரலுக்குள் விடாமல், வாயிலிருப்பதில் கொஞ்சத்தை மூக்கு வழியே வெளியேற்றும்போதுதான் அவை புலப்படும். (நுரையீரலுக்குப் போகாததால் தீங்கில்லை என்று எண்ண வேண்டாம், சுருட்டின் நிகோடின் வாயிலேயே உறிஞ்சப்படுகிறது, வாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு.) உங்கள் உறவினர் சொன்ன தேவதாரு மணம் சுருட்டு வைத்திருந்த பெட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். ஸ்பானிய செடார் என்று வழங்கும் அந்த மரம் உண்மையில் தேவதாரு இனமே அல்ல, வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மதிப்பெண்களைப் பாவனை என்று ஒதுக்க மாட்டேன். 1992இல் தொடங்கிய சிகார் அஃபிசியனாடோ இதழில், சுருட்டின் பெயர்ப்பட்டையை அகற்றிவிட்டு, எந்த நிறுவனத்துடையது என்று தெரியாமலே தோற்றம், சுவை, எரியும் விதம், ஒட்டுமொத்த அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். அந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் 90க்கும் 92க்கும் இடையிலான வேறுபாட்டை நம்புவதில்லை. கையால் சுருட்டும் பொருளில், ஒரே பெட்டியிலுள்ள இரண்டு சுருட்டுகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. உறவினர் மறுமுறை வரும்போது, விலை கூடியது ஒன்றும் குறைந்தது ஒன்றுமாகப் வேறு யாரையாவது பட்டையை நீக்கித் தரச் சொல்லுங்கள். எது எது என்பதை, அவரும் நீங்களும் கருத்தை எழுதி வைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.