மூன்று சூத்திரம் போதும், மீதியை வருவித்துக்கொள்ளலாம்

கேள்வி: பிளஸ் ஒன்னில் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கு எனக்குச் சுலபமாக வந்தது. இப்போது முக்கோணவியலில் சூத்திரத்துக்கு மேல் சூத்திரமாக வருகிறது. இரவு படித்தது காலையில் மறந்துபோகிறது. தொடர்வரிசையில் வேறு தொல்லை. கூட்டுத் தொடர், பெருக்குத் தொடர் என்று சொல்லிக் கொடுத்தால் போட்டுவிடுவேன். எண்களை மட்டும் கொடுத்தால் முழிக்கிறேன். இரண்டையும் எப்படிப் படிப்பது? எதை மனப்பாடம் செய்வது, எதை விடலாம்?

பதில்: மனப்பாடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை அதிகம் மிரட்டுகிறது. முக்கோணவியலில் தலையில் இருந்தே தீர வேண்டியவை மூன்று. ஒரே கோணத்தின் சைன் வர்க்கத்தையும் காஸ் வர்க்கத்தையும் கூட்டினால் 1 என்பது ஒன்று. மற்ற இரண்டும் கூட்டுக் கோணச் சூத்திரங்கள்:

சைன் (ஏ + பி) = சைன் ஏ × காஸ் பி + காஸ் ஏ × சைன் பி

காஸ் (ஏ + பி) = காஸ் ஏ × காஸ் பி − சைன் ஏ × சைன் பி

இந்தப் பாடத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கும் மற்றவை பெரும்பாலும் இவற்றிலிருந்து பிறந்தவைதான். பி இருக்கும் இடத்தில் −பி போட்டால் கழித்தல் சூத்திரம். இரண்டு கோணத்தையும் ஒன்றாக்கினால் இரட்டைக் கோணம். அதையே 2ஏ + ஏ என்று பிரித்தால் மும்மடங்குக் கோணம். சைனைக் காஸால் வகுத்தால் டேன். சைன் (ஏ + பி), சைன் (ஏ − பி) இரண்டையும் எழுதிக் கூட்டினால் இரண்டாம் பகுதி அடிபட்டு 2 × சைன் ஏ × காஸ் பி மிஞ்சும். பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் சூத்திரங்கள் எல்லாம் இப்படி வந்தவை. வெள்ளைத் தாளின் தலையில் இந்த மூன்றையும் எழுதிவிட்டு, மற்றவற்றைப் புத்தகம் பார்க்காமல் வருவித்துப் பாருங்கள். கொஞ்ச நாளில் கை பழகிவிடும். பரீட்சை அறையில் ஒன்று மறந்துபோனாலும் இரண்டே வரியில் திரும்பப் பிடித்துவிடலாம்.

சந்தேகம் வந்தால் தெரிந்த கோணத்தைப் போட்டுச் சரிபாருங்கள். சைன் (ஏ + பி) என்பதைச் சைன் ஏ + சைன் பி என்று பிரித்து எழுதுவது இந்த வகுப்பில் மிகவும் சகஜமான தவறு. 30°, 60° போட்டால் அது உடனே சாயம் வெளுத்துவிடும்: 0.5, 0.866 இரண்டையும் கூட்டினால் 1.366. எந்தக் கோணத்தின் சைனும் 1ஐத் தாண்டாது. சைன் 90° சரியாக 1.

இதைவிட ஆழமான ஒரு சிக்கல் பலருக்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கலாம். பத்தாம் வகுப்பில் சைன் என்றால் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது. அந்த வரையறையோடு பிளஸ் ஒன்னுக்கு வந்தால் சைன் 150° என்ற இடத்திலேயே வண்டி நின்றுவிடும். செங்கோண முக்கோணத்துக்குள் 150° எப்படி நுழையும்? இங்கே முக்கோணத்தை விட்டுவிட்டு வட்டத்துக்கு வர வேண்டும். ஆரம் 1 உள்ள வட்டம் ஒன்று போடுங்கள். வலது கோடியிலிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு புள்ளி சுற்றுகிறது; எவ்வளவு சுற்றியிருக்கிறதோ அதுதான் கோணம். மையத்தைவிட அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது சைன். எவ்வளவு வலப்பக்கம் தள்ளி இருக்கிறதோ அது காஸ். கீழே போனால் சைன் குறை எண், இடப்பக்கம் போனால் காஸ் குறை எண். எந்தக் கால்பகுதியில் எது மிகை, எது குறை என்று தனிப் பாட்டு எதுவும் தேவையில்லை; படம் போட்டால் தெரிந்துவிடும். சைன் (−பி) = −சைன் பி, காஸ் (−பி) = காஸ் பி என்பதும் அதே படத்தில் இருக்கிறது.

சரி, தொடர்வரிசைக்கு வருவோம். எண்களை மட்டும் கொடுத்தால் முழிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஓரளவு முழிக்கத்தான் வேண்டும்! 1, 2, 4, 8, 16 என்று கொடுத்து அடுத்த எண் கேட்டால் எல்லோரும் 32 என்பார்கள். ஆனால் ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு சோடிப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்து, வட்டம் அதிகபட்சம் எத்தனைத் துண்டாகிறது என்று எண்ணிப் பாருங்கள். 1 புள்ளிக்கு 1 துண்டு, 2 புள்ளிக்கு 2, அப்புறம் 4, 8, 16. ஆறாவது புள்ளி வைத்தால் 31 துண்டுகள்தான். விதியைச் சொல்லாமல் சில எண்களை மட்டும் கொடுத்தால் அடுத்தது இதுதான் என்று கணிதம் அடித்துச் சொல்லாது. கேள்வித்தாள் எதிர்பார்ப்பது இருப்பதிலேயே எளிய விதியை, அவ்வளவே.

அந்த எளிய விதியைத் தேட ஒரு வரிசை உண்டு. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள். ஒரே எண்ணாக இருந்தால் கூட்டுத் தொடர். இல்லையென்றால் அடுத்த எண்ணை முந்தைய எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரே விடை வந்தால் பெருக்குத் தொடர். அதுவும் இல்லையென்றால் வித்தியாசங்களின் வித்தியாசம், அதாவது இரண்டாம் வேறுபாடு. 3, 7, 13, 21, 31 என்பதில் வித்தியாசங்கள் 4, 6, 8, 10. இரண்டாம் வேறுபாடு எல்லாம் 2. இப்படி இரண்டாம் வேறுபாடு மாறாமல் இருந்தால் உறுப்பு எண்ணின் வர்க்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பொருள். இங்கே உறுப்பு எண்ணை வர்க்கப்படுத்தி, உறுப்பு எண்ணையும் 1ஐயும் கூட்டினால் விடை. ஐந்தாவதுக்கு 25 + 5 + 1 = 31.

உங்கள் இரண்டு தொல்லைகளும் உண்மையில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எந்தத் தொடரிலும் அடுத்தடுத்த மூன்று எண்களை எடுத்து, இரு ஓரத்து எண்களையும் கூட்டி, அது நடு எண்ணைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். கூட்டுத் தொடரில், 5, 8, 11 என்றால், ஓரங்களின் கூட்டல் 16. நடு எண்ணைப்போல 2 மடங்கு. எந்தக் கூட்டுத் தொடரை எடுத்தாலும் 2தான். பெருக்குத் தொடர் 4, 8, 16 என்றால் ஓரங்கள் சேர்ந்து 20, நடு எண்ணைப்போல 2.5 மடங்கு, 8, 16, 32 எடுத்தாலும் அதே 2.5. பொது விகிதம் 1 அல்லாத மிகை எண்ணாக இருக்கும்வரை இந்த மடங்கு எப்போதும் 2ஐவிடப் பெரிது. (மடங்கு மாறாமல் 2.5 வந்துவிட்டாலே அது பெருக்குத் தொடர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 5, 4, 5, 8.5 என்ற வரிசையும் 2.5 தரும். விகிதத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.)

மடங்கு 2ஐவிடச் சிறியதாக இருந்தால்? 1 என்று வைத்துப் பாருங்கள். ஓரங்களின் கூட்டல் நடு எண்ணுக்குச் சமம் என்றால், அடுத்த எண் = இப்போதைய எண் − முந்தைய எண். 1, 1 என்று ஆரம்பித்தால் 1, 1, 0, −1, −1, 0, மறுபடியும் 1, 1, 0 என்று ஓடுகிறது. ஆறு அடிக்கு ஒரு முறை திரும்பி வருகிறது. கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டிருந்தால் இது 1, 1, 2, 3, 5, 8 என்ற பிபனாச்சித் தொடராகி வளர்ந்துகொண்டே போயிருக்கும். ஒரு குறி மாறியதில் வளர்ச்சி போய்ச் சுழற்சி வந்துவிட்டது. சுழற்சி என்றாலே வட்டம் எங்கோ இருக்க வேண்டும். சைன் 60°, சைன் 120°, சைன் 180°, சைன் 240° என்று 60° இடைவெளியில் எழுதி, எல்லாவற்றையும் சைன் 60°ஆல் வகுத்துப் பாருங்கள்: 1, 1, 0, −1, −1, 0. அதே தொடர். 360ஐ 60ஆல் வகுத்தால் 6, அதனால்தான் ஆறு அடிக்கு ஒரு முறை திரும்புகிறது.

காரணம் மேலே நாம் வருவித்த சூத்திரம்தான். சைன் (ஏ + பி) + சைன் (ஏ − பி) = 2 × காஸ் பி × சைன் ஏ. நடுக்கோணம் ஏ, இரண்டு பக்கமும் பி தள்ளி இரண்டு கோணங்கள். ஓரங்களின் கூட்டல் நடு எண்ணைப்போல 2 × காஸ் பி மடங்கு. காஸுக்கும் இதே விதி. பி என்பது 60° என்றால் மடங்கு 1. 30° என்றால் √3.

தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கணக்கு: காஸ் 20° + காஸ் 100° + காஸ் 140° = 0 என நிறுவுக. சூத்திரப் பட்டியலில் தேடினால் நேரம் போகும். 100க்கும் 140க்கும் நடுவில் 120, இரு பக்கமும் 20 தள்ளி என்று பார்த்துவிட்டால் முடிந்தது: காஸ் 100° + காஸ் 140° = 2 × காஸ் 20° × காஸ் 120°. காஸ் 120° என்பது −1/2. ஆக மிஞ்சுவது −காஸ் 20°, முதல் உறுப்போடு அடிபட்டுவிடும். சைன், காஸ் கூட்டல்களைக் கண்டால் முதலில் கோணங்களை வரிசையாக எழுதி, நடுவில் எது, இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். பலதும் இந்த ஒரு பார்வையில் உடைந்துவிடும்.

சைனைத் தொடர்வரிசையாகப் பார்ப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் சைன் அட்டவணை இப்படித்தான் இருக்கிறது. ஆரியபட்டர் கால்வட்டத்தை 24 சமக் கூறாகப் பிரித்தார். ஒரு கூறு 3.75°, அதாவது 225 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). ஒவ்வொரு கோணத்தின் சைனையும் தராமல், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தந்தார்: 225, 224, 222, 219, 215, 210, 205, 199, இப்படியே இறங்கி 37, 22, 7 வரை. முதல் எட்டையும் கூட்டுங்கள், 1719. இருபத்து நான்கையும் கூட்டினால் 3438, அதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஆரம். எட்டுக் கூறு என்பது 30°. 1719 என்பது 3438இல் சரிபாதி, சைன் 30° = 1/2!

அந்த வித்தியாசங்களின் வித்தியாசத்தை எடுத்தால் 1, 2, 3, 4, 5, 5, 6 என்று மெல்ல ஏறிக் கடைசியில் 15இல் நிற்கும். சைன் பெரிதாகப் பெரிதாக இரண்டாம் வேறுபாடும் ஏறக்குறைய அதே விகிதத்தில் பெரிதாகிறது. அட்டவணையை நீட்ட அவர் சொல்லும் விதியின் அடிப்படையும் இதுவே. நம் மடங்குக் கணக்கில் சொன்னால், 3.75° இடைவெளிக்கு மடங்கு 2 × காஸ் 3.75°, சுமார் 1.9957. இரண்டைவிட ஒரு துளி குறைவு. அந்தத் துளிதான் நேர்கோடாகப் போயிருக்க வேண்டிய வரிசையை வளைத்து வட்டத்துக்குள் கொண்டுவருகிறது.

3438 என்ற எண்ணையும் கவனியுங்கள். உங்கள் புத்தகத்தில் ஒரு ரேடியன் சுமார் 57 பாகை 17 கலை 45 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) என்று இருக்கும். அதைக் கலையாக்கினால் 57 × 60 + 17.75 = 3437.75. வட்டத்தின் சுற்றளவை 21,600 கலை என்று வைத்து, ஆரத்தையும் அதே கலையில் அளந்தால் 3438 வருகிறது. வில்லையும் ஆரத்தையும் ஒரே கோலால் அளப்பதுதான் ரேடியன். முதல் வித்தியாசம் ஏன் 225 என்பதும் இதில் புரியும்: சின்னக் கோணத்துக்கு வில்லின் நீளமும் சைனும் ஏறக்குறைய ஒன்று.

ரேடியன் என்றதும் ஒரு எச்சரிக்கை. கைபேசிக் கால்குலேட்டரில் சரிபார்க்கும்போது அது பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சைன் 30 போட்டு −0.988 வந்தால் கணக்கு தப்பில்லை, கருவி ரேடியனில் இருக்கிறது.

தொடர்வரிசையில் இன்னொரு சின்ன ஓட்டையையும் அடைத்துவிடலாம். 100க்கும் 300க்கும் இடையில் 7இன் மடங்குகள் எத்தனை? முதலாவது 105, கடைசி 294. கழித்தால் 189, 7ஆல் வகுத்தால் 27. பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 27 என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை, எண்கள் 28. கூட்டுத் தொடர்ச் சூத்திரத்தில் உறுப்பு எண்ணிலிருந்து 1 கழிப்பதும் இதற்காகத்தான். முடிவில்லாப் பெருக்குத் தொடரின் கூட்டலுக்குச் சூத்திரம் போடும் முன், பொது விகிதம் −1க்கும் 1க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், சைன் 0°, சைன் 30°, சைன் 60° என்று 360° வரை வட்டப் படத்தைப் பார்த்தே எழுதி, ஒவ்வொரு மூன்றிலும் ஓரங்களின் கூட்டல் நடு எண்ணைப்போல √3 மடங்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதே வேலையை 45° இடைவெளியில் செய்யுங்கள். மடங்கு என்ன வர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.