கல்லீரல் புற்றுநோய்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு ஏற்கெனவே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய்). இப்போது சி.டி.யில் 4 செ.மீ. கட்டி. பயாப்சி எடுக்காமலே புற்றுநோய் என்கிறார் டாக்டர். அதெப்படி?

பதில்: கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால்வாசி குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மீதிதான் தமனி வழியாக. இந்தக் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளரும். அதனால் கையில் மருந்தேற்றிப் படமெடுத்தால் சுமார் அரை நிமிடத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். அப்புறம் சுற்றியுள்ள கல்லீரல் ஒளிர, கட்டி மங்கிவிடும். சிரோசிஸ் உள்ளவருக்கு இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் பயாப்சிக்காக ஊசி குத்திச் சதை எடுக்கத் தேவையில்லை. குத்தினால் ரத்தக்கசிவு வரலாம். ஊசி போன வழியில் புற்றுசெல்கள் சிந்தும் சிறு அபாயமும் உண்டு. படம் குழப்பினால் பயாப்சிதான்.

கேள்வி: ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முடியாது. கட்டி இருந்தும் அது ஏறாதவர்கள் நிறையப் பேர். சிரோசிஸ் இருந்தால் 6 மாதத்துக்கொரு முறை அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: (முதலில் கேட்டவரே) சரி, ஒரே கட்டிதானே, வெட்டி எடுத்தால் என்ன?

பதில்: மிச்சக் கல்லீரல் தாங்குமா என்பதுதான் பிரச்சினை. வயிற்றில் நீர், காமாலை இருந்தால் வெட்டுவது ஆபத்து. கல்லீரல் மாற்று அறுவையில் கட்டியோடு கெட்ட கல்லீரலும் போய்விடும். அதற்கு யார் பொருத்தம் என்று பார்க்க 1996-ல் வந்த மிலான் அளவுகோல்படி ஒரே கட்டியென்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கக் கூடாது. உங்கள் அப்பாவின் கட்டி அளவில் பொருந்துகிறது. உறுப்புக்குக் காத்திருக்கும்போது டேஸ் செய்வார்கள்: தமனி வழியாகவே கீமோ மருந்தைக் கட்டிக்குள் செலுத்தி, குழாயை அடைத்துவிடுவது. மேலே சொன்ன தமனி விஷயம் இங்கே நமக்குச் சாதகம்!

கேள்வி: எனக்கு ஹெபடைடிஸ் பி உண்டு, சிரோசிஸ் இல்லை. கீழாநெல்லி போதுமா?

பதில்: போதாது. சிரோசிஸ் இல்லாமலும் பி வைரஸ் புற்றை வரவழைக்கும். வைரஸ் அளவைப் பாருங்கள். வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தந்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்து, தேவையானவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள்.

கேள்வி: மாமாவுக்கு போர்ட்டல் சிரைக்குள்ளேயே பரவிவிட்டது. இனி ஒன்றுமில்லையா?

பதில்: சோராஃபெனிப் வரும்வரை இந்த நிலைக்கு ஆயுளைக் கூட்டும் மருந்தே கிடையாது. 2020 முதல் அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் இரண்டையும் சேர்த்துத் தருகிறார்கள்; அதைவிட நல்ல பலன். அதற்கு முன் எண்டோஸ்கோபி அவசியம்: உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய் இருந்தால் பெவாசிசுமாப் ரத்தப்போக்கைக் கிளப்பலாம். டாக்டரிடம் "சைல்ட்-பியூ ஏ-வா, பி-யா, சி-யா?" என்று கேளுங்கள்; கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கான தரம் அது, ஏ நல்லது, சி மோசம். சி என்றால் இந்த மருந்துகள் பொதுவாகத் தரப்படுவதில்லை. வலி, வயிற்று நீர் இவற்றைக் கவனிப்பதுதான் அப்போது சிகிச்சை.