மதுரை மலைகளுக்குக் குழு நடை போவதில் என்ன தெரிந்துகொள்ளலாம்? பாறை பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். மதுரையை ஒட்டிய யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு 2010 வாக்கில் எழுந்தபோது உருவான ‘பசுமை நடை’ போன்ற குழுக்கள் கல்வெட்டும் வரலாறும் அறிந்தவர்களோடு காலையில் மலைகளுக்கு நடத்திக் கூட்டிப்போகின்றன.

முதல் நடைக்கு மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டியைச் சொல்வேன். அங்கே பாறையையும் வரலாற்றையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. பூமிக்குள் ஆழத்தில் இறுகிய பாறை, மேலே இருந்த சுமை அரித்துப்போனதும் விரிந்து, வெங்காயம் போல ஏடு ஏடாக உரியும். அப்படி உரிந்த ஏடுகள் சரிந்த இடங்களில் இயற்கையாகவே குகைத்தளங்கள் உண்டாகின்றன. சமணத் துறவிகள் தங்கியது இவற்றில்தான். குகை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதைக் கவனியுங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் தடுக்கும் ஏற்பாடு அது. பக்கத்திலேயே தமிழி (தமிழ்ப் பிராமி) எனும் பழைய எழுத்துகளும் இருக்கும்; வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். அப்புறம், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலில் சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள், தமிழ்நாட்டில் அது அபூர்வம்.

2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. அந்த இடத்தையும் உட்படுத்தி 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள்! மக்கள் எதிர்ப்பால் 2025 ஜனவரியில் அது ரத்தானது. இந்தக் கதையை ஊர்க்காரர்களிடமே கேளுங்கள்.

தண்ணீரும், வழுக்காத செருப்பும் போதும். எழுத்துகள் மேல் சுண்ணாம்பு தேய்த்துப் படமெடுக்க மட்டும் வேண்டாம்.