அந்த ஒரு கேள்விக்குப் பிறகு

சிறு வயதில் உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததைத் தோழி சொன்னபோது, "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டதாகவும், பத்து நாளாக அவர் பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, புரிகிறது. ஆனால் அவர் காதில் அது குறுக்கு விசாரணையாகத்தான் விழுந்திருக்கும்.

இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே முதன்முதலாக வாய் திறப்பவர்கள் ஏராளம். ஆபத்தில் உடல் உறைந்துபோவதும் உண்டு. கத்தவில்லை என்பது சம்மதம் ஆகாது. தேதி குழம்பும், சுவரில் தொங்கிய காலண்டர் படம் மட்டும் அப்படியே நினைவிருக்கும். அதிர்ச்சி பதிந்த நினைவு பெரும்பாலும் இப்படித்தான், அதைப் பொய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நீண்ட விளக்கம் வேண்டாம். (நான் ஒருமுறை நான்கு பக்கம் எழுதினேன், என் குற்றவுணர்ச்சியை இன்னொருவர் தலையில் இறக்கிவைத்ததுதான் மிச்சம்.) "அன்று நான் கேட்டது தவறு. நீ சொன்னதை நம்புகிறேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை." இவ்வளவு போதும். மீண்டும் பேச வந்தால் விவரங்களைத் தோண்டாதீர்கள். புகார் கொடுப்பதா, வீட்டில் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்த ஆள் இன்றும் குழந்தைகளோடு பழகுகிறாரா என்பதைக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் முதல் பேச்சிலேயே அல்ல.